மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள்: வீட்டுக்கல்விக்குக் கணக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரே பிள்ளை என்றால் எந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலும் சமாளித்துவிடலாம். புத்தகத்தில் குறை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ அதை வாயால் நிரப்பிவிடுவார்கள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு வயதில் மூன்று பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் வீட்டில் அது நடக்காது. அங்கே தட்டுப்பாடு பெரியவரின் நேரத்துக்குத்தான். நல்ல புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை, பல இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் "எது சிறந்த பாடத்திட்டம்?" என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் இருக்கும் நிமிடங்களுக்குள் எது அடங்கும்?" என்று பார்ப்பதே சரி.

நிமிடக் கணக்கு

சமையல், வேலை, கைக்குழந்தை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கணக்குக்கு மட்டும் ஒரு நாளில் எத்தனை நிமிடம் உறுதியாகக் கொடுக்க முடியும் என்று எழுதுங்கள். ஆசைக்கு எழுதக்கூடாது. போன வாரம் உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று பார்த்து எழுத வேண்டும். 90 நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 நிமிடம் திருத்துவதற்குப் போய்விடும். இதைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மீதி 70.

ஆறு வயதுக்கு 25 நிமிடம், முழுவதும் பெரியவருடன். அந்த வயதில் கணக்கைத் தனியாகப் படிப்பது என்ற ஒன்று கிடையாது. ஒன்பது வயதுக்குப் பெரியவருடன் 20 நிமிடமும் தனியாக 25 நிமிடமும். பன்னிரண்டு வயதுக்குப் பெரியவருடன் 25, தனியாக 40 வரை. கூட்டினால் பெரியவரின் பங்கு 70 நிமிடம், சரியாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பொருள், மூத்த இருவரின் புத்தகங்களும் அவர்களோடு நேரடியாகப் பேசக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது. ஆசிரியர் கையேட்டைப் படித்துத்தான் நடத்த முடியும் என்ற வகைப் புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூவருக்கும் அதுவே என்றால் இரண்டாவது வாரத்திலேயே திட்டம் குலைந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்று வேண்டுமென்றால் கடைசிப் பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தேர்வில் போய் முடியும்?

ஐந்தாம் வகுப்பு வரை இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மூத்த பிள்ளை ஏழாம் வகுப்பு அளவுக்கு வந்ததும் யோசித்தே ஆக வேண்டும். ஏனென்றால் மூத்தவருக்குத் தேர்ந்தெடுக்கும் பாதையில்தான் பெரும்பாலும் தம்பி தங்கைகளும் போவார்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள். முதலாவது, பள்ளியில் சேராமல் எழுதுபவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதில் தேறினால் பத்தாம் வகுப்புக்கு வழி திறக்கும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இதுவே இயல்பான பாதை, தமிழக அரசின் சமச்சீர் புத்தகமே பாடநூல். இரண்டாவது, என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு நிலைக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். கணிதத்தின் பாட எண் 211. ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, அதோடு வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் டிஎம்ஏ ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண். இங்கே கணிதம் கட்டாயமில்லை, வேறு ஐந்து பாடம் எடுத்தும் தேறலாம். சுமை குறைகிறதே என்று கணிதத்தை விட்டுவிட்டால், பிற்பாடு பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுத்துப் பொறியியலுக்குப் போக நினைக்கும்போது அந்த இடைவெளி பெரிதாகத் தெரியும். மூன்றாவது, பத்தாம் வகுப்பு அளவிலான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ. கணிதத்தின் பாட எண் 0580, தனித்தேர்வராக எழுதலாம். கோர் (அடிப்படை), எக்ஸ்டெண்டட் (விரிவானது) என இரண்டு நிலைகள். கோர் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. 2025 முதல் கால்குலேட்டர் இல்லாத ஒரு தாளும் சேர்ந்துவிட்டதால், மனக்கணக்கையும் பின்னத்தையும் தள்ளிவைத்துவிட்டு அங்கே போக முடியாது.

பிள்ளையைப் பிறகு சிபிஎஸ்இ பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அந்த வாரியத்தின் பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். எட்டு முடிவதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது?

வயதை வைத்து வகுப்பை முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. பெரிய பதிப்பகங்கள் தங்கள் தொடருக்கான நிலைத்தேர்வை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. சமச்சீர் புத்தகங்களுக்கும் மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்களுக்கும் நாமே தயார் செய்துகொள்ளலாம். ஒரு வகுப்புப் புத்தகத்தின் ஒவ்வொரு இயலிலிருந்தும் ஒரு கணக்கு, மொத்தம் 12. பயிற்சியின் முதல் கணக்கும் வேண்டாம், கடைசிச் சவால் கணக்கும் வேண்டாம், நடுவிலிருந்து எடுங்கள். நேரக் கட்டுப்பாடு வைக்காதீர்கள். பத்தோ அதற்கு மேலோ சரி என்றால் அடுத்த வகுப்புத் தாளைக் கொடுங்கள். ஏழு முதல் ஒன்பது வரை என்றால் அந்த வகுப்புதான், தவறிய இயல்களில் நின்று நிதானமாகப் போங்கள். ஆறோ அதற்குக் கீழோ என்றால் ஒரு வகுப்பு கீழே இறங்கிப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஐந்தாம் வகுப்புத் தாளில் சிக்குவது அபூர்வமில்லை.

விடையைவிட, பிள்ளை எப்படித் தவறுகிறது என்பது முக்கியம். கீழே உள்ளவற்றைத் தாளில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- 403 − 178. விடை 225. 375 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கும் முறை மறந்துபோனது மேலே தெரியும் குறை. அடியில் இருப்பது இடமதிப்புக் குறை.
- 624 ÷ 6. 104 வர வேண்டும். 14 வந்தால் ஈவில் பூச்சியம் விழுந்துவிட்டது. "624இல் 14 ஆறுகள்தான் இருக்குமா?" என்று தோராயமாகப் பார்க்கும் பழக்கம் இல்லை என்று பொருள்.
- 8 + 4 = □ + 5. விடை 7. பெட்டிக்குள் 12 அல்லது 17 எழுதும் பிள்ளைக்குச் சமக்குறி என்பது "விடையை எழுது" என்ற கட்டளை. இயற்கணிதம் தொடங்கும்போது இதுதான் காலை வாரும்.
- 1/2 + 1/3. விடை 5/6. 2/5 என்று வந்தால், விடை அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி உறைக்கவில்லை என்றால் பின்னத்தை முதலிலிருந்து, காகிதத்தை மடித்துத் தொடங்க வேண்டும்.
- 0.35, 0.4 இரண்டில் எது பெரியது? 35, 4ஐவிடப் பெரியது என்று முழு எண்ணாகப் படிக்கும் பிள்ளை தசமத்துக்குத் தயாரில்லை.

ஆறு வயதுக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். ஏழு விரலை ஒவ்வொன்றாக எண்ணாமல் காட்டுகிறதா, 8 + 3க்கு எட்டிலிருந்து மேலே எண்ணுகிறதா இல்லை ஒன்றிலிருந்து தொடங்குகிறதா, பத்துப் புளியங்கொட்டையில் சிலவற்றைக் கையால் மூடினால் மூடியது எத்தனை என்று சொல்கிறதா என்று பார்த்தால் போதும்.

புத்தகங்கள்

சமச்சீர் புத்தகங்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் பிடிஎஃப் வடிவில் இலவசம். சமச்சீரின் பலம் தமிழில் இருப்பதும், தேர்வுக்கு நேராக இட்டுச் செல்வதும். பயிற்சிக் கணக்குகள் சில இயல்களில் குறைவு, அதை நாமே நிரப்ப வேண்டும். என்சிஇஆர்டி 2023 முதல் புத்தகங்களை மாற்றிவருகிறது. 1, 2 வகுப்புகளுக்கு ஜாய்ஃபுல் மேதமேடிக்ஸ், 3 முதல் 5 வரை மேத்ஸ் மேளா, 6 முதல் 8 வரை கணித பிரகாஷ். இவை பேசிப் பேசி, கேள்வி கேட்டுக் கேட்டு நடத்த வேண்டிய புத்தகங்கள். ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் அருமையாக ஓடும். மூன்று பிள்ளை வீட்டில் பெரியவரின் நிமிடங்களை விழுங்கும். மூத்தவர் ஆங்கிலத்தில் நன்றாகப் படிப்பவராக இருந்தால் கணித பிரகாஷைத் தனியாகப் படிக்கவிட்டு, வாரம் இருமுறை உட்கார்ந்து பேசலாம்.

வெளிநாட்டுத் தொடர்களில் மூன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் கேட்கிறார்கள். சிங்கப்பூர் முறை: முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் குறியீடு. சொற்கணக்கைப் பட்டை வரைந்து பிரித்துக்காட்டும் பார் மாடல்தான் இதன் உயிர். மெட்ரிக் அளவுகளில் இருப்பதால் நமக்கு இடறாது. ஆனால் கீழ்வகுப்புகளில் நடத்துபவர் தேவை. சாக்ஸன்: பாடத்தைச் சிறு சிறு துண்டாக்கி, பழையதைத் தினமும் கலந்து கொடுக்கும். பிள்ளை தனியாகவே படித்துப்போகலாம். ஒரு பாடத்துக்குச் சுமார் 30 கணக்கு கலவைப் பயிற்சி வரும். மூன்று பிள்ளை என்றால் நாளொன்றுக்கு 90 கணக்கைத் திருத்த வேண்டும், 20 நிமிடத்தில் அது முடியாது. 5/4, 6/5 என்று அட்டையில் இருப்பதைப் பின்னம் என்று நினைத்துவிடாதீர்கள். 5/4 என்றால் சராசரி ஐந்தாம் வகுப்புக்கு அல்லது வேகமான நான்காம் வகுப்புக்கு. மேத்-யூ-சீ: ஆண்டுக்கு ஒரே தலைப்பு. காமா என்ற புத்தகத்தில் பெருக்கல், அடுத்த டெல்டாவில் வகுத்தல், எப்சிலானில் பின்னம் என்று போகும். ஓட்டை விழுந்த பிள்ளைக்கு அந்த ஓட்டையை அடைக்க மிக நல்லது. ஆனால் டெல்டாவின் நடுவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், மற்றவர்கள் பார்த்துவிட்ட தசமம் இதற்குப் புதிதாக இருக்கும்.

சாக்ஸன், மேத்-யூ-சீ போன்ற அமெரிக்கப் புத்தகம் எதுவானாலும் அங்குலம், பவுண்டு, டாலர், மில்லியன் உடன் வரும். லட்சம், கோடிக்கு காற்புள்ளி போடும் முறையையும் கிராம், லிட்டரையும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

பத்துப் பாடச் சோதனை

வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். புத்தகத்தின் நடுவிலிருந்து தொடர்ச்சியாகப் பத்துப் பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இயல் எப்போதும் எளிதாக இருக்கும், அதை நம்பக்கூடாது. ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ஒரு எழுத்து இடுங்கள். பெரியவர் விளக்காமல் நகராது என்றால் "பெ". அண்ணனோ அக்காவோ துணைக்கு இருந்தால் போதும் என்றால் "து". எடுத்துக்காட்டைப் படித்துத் தானே செய்யலாம் என்றால் "தா".

ஆறு வயதின் புத்தகத்தில் பத்தும் "பெ" என்று வரலாம், பரவாயில்லை. ஒன்பது வயதுக்கு "பெ" ஐந்தைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு வயதுக்கு நான்கைத் தாண்டினால் அந்தப் புத்தகம் இந்த வீட்டுக்கு ஆகாது, எவ்வளவு பேர் புகழ்ந்தாலும்.

இந்த யோசனை புதிதல்ல. ஆந்திராவின் ரிஷி வேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான ஏணி அட்டை முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றலாக வந்து, பிறகு மாநிலமெங்கும் பரவியது. ஆசிரியர் துணையோடு, சக மாணவர் துணையோடு, தானாக என்று அட்டைகளைப் பிரித்ததால்தான் ஒரே அறையில் பல நிலைப் பிள்ளைகள் வேலை செய்ய முடிந்தது. 2022இல் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அதே தேவைக்கானவை. 1 முதல் 3 வகுப்பு அளவில் இரு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பயிற்சி நூல்களை எடுத்துப் பாருங்கள்.

"து" என்று குறித்த பாடங்களில் ஒரு எச்சரிக்கை. மூத்த பிள்ளை வாய்ப்பாடு கேட்கலாம், விடை சரிபார்க்கலாம், விளையாட்டுக்கு எதிராளியாக இருக்கலாம். புதிய பாடத்தை அறிமுகம் செய்யும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள். அது குறுக்கு வழியைத்தான் சொல்லிக்கொடுக்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரே தொடரா, வேறு வேறா?

முடிந்தவரை ஒரே தொடர். பெரியவர் ஒரே முறையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கழித்தலுக்கு மூத்தவருக்கு ஒரு வழி, இளையவருக்கு வேறு வழி என்று சொல்லித் தடுமாற வேண்டாம். பொருள்களும் ஒரே செட் போதும்: நூறு மணிகளைப் பத்துப் பத்தாக நிறம் மாற்றிக் கோத்த மாலை ஒன்று, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட 100 ஐஸ் குச்சி, பின்னப் பட்டைகள். பட்டையை 24 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றிப் பிரியும். ஐந்துக்கும் பத்துக்கும் மட்டும் 30 செ.மீ. பட்டை தனியாக.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒன்றரை, இரண்டு வயது இடைவெளியில் இரு பிள்ளைகள் இருந்து, இளையது வேகமாகப் போகிறது என்றால் இருவருக்கும் வெவ்வேறு தொடர் வாங்குங்கள். ஒரே புத்தகத்தில் தம்பி முந்திவிட்டான் என்பது பக்க எண்ணிலேயே தெரியும். அதற்குப் பிறகு மூத்த பிள்ளையைக் கணக்கு நோட்டைத் திறக்க வைப்பதே பெரும்பாடு.

எல்லோரையும் சேர்த்து நடத்தலாமா என்றால், எண் கணிதத்தைக் கூடாது. கூட்டல் தெரியாமல் பெருக்கல் வராது, அவரவர் படியில்தான் ஏற வேண்டும். அளவைகள், வடிவியல், தகவல் செயலாக்கம் மூன்றையும் தாராளமாகச் சேர்க்கலாம். வாரத்தில் நான்கு நாள் தனித்தனி, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஒன்றாக. வீட்டின் தரையை அளக்கும் நாளில் சின்னது சாணால் அளக்கட்டும், நடுப்பிள்ளை மீட்டர், சென்டிமீட்டரில் சுற்றளவு காணட்டும், பெரியது பரப்பளவு கண்டு எத்தனை டைல்ஸ் வேண்டும், உடைவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் எத்தனை என்று போடட்டும். பெரியவரின் ஒரு நாள் நிமிடங்கள் மிச்சம்.

காலை ஓட்டம்

9.00 முதல் 9.25 வரை சின்னதோடு. அப்போது நடுப்பிள்ளை நேற்றைய தவறுகளைத் திருத்தி, பழைய பாடத்தில் பத்துக் கணக்கு போடும். பெரியது புதிய பாடத்தின் எடுத்துக்காட்டைப் படிக்கும். 9.25 முதல் 9.45 வரை நடுப்பிள்ளைக்குப் புதிய பாடம். பெரியது முதல் ஐந்து கணக்கை முயலும், சின்னது மணிமாலையோடு. 9.45 முதல் 10.10 வரை பெரியதோடு. இதை மாற்றிப் பெரியதை முதலில் வைத்தால், காத்திருக்கும் சின்னது பத்து நிமிடத்தில் மற்ற இருவரையும் கலைத்துவிடும்.

திருத்துவதைக் குறைக்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளை புத்தகத்தின் பின்பக்க விடையோடு தானே ஒப்பிட்டு, தவறை மட்டும் வேறு நிற மையில் மறுபடி போடட்டும். கைடு புத்தகத்தில் முழுத் தீர்வு இருக்கும். அது பெரியவரின் அலமாரியில் இருக்கட்டும்.

மாற்றுவதற்கு முன்

ஆறு வாரம் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் தூக்கிப்போடாதீர்கள். கணக்கு அதிகம் என்று அழுதால் ஒற்றைப்படை எண் கணக்குகளை மட்டும் கொடுங்கள். கேள்வியே புரியவில்லை என்றால் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உடனே போட்டுவிட்டால் சிக்கல் மொழியில், கணக்கில் அல்ல. வீட்டில் பாடம் தமிழிலும் தேர்வு ஆங்கிலத்திலும் என்றால் ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பத்தியாகப் பிரித்த ஒரு நோட்டு வேண்டும்: ஒரு பக்கம் ஈவு, மீதி, காரணி, மடங்கு, விகிதம், மறுபக்கம் அவற்றின் ஆங்கிலச் சொல். இலக்கங்கள் வரிசை மாறி விழுவதால்தான் தவறு வருகிறது என்றால் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுங்கள், புது பாடத்திட்டம் தேவைப்படாது.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒரு பிள்ளைக்கு மட்டும் மாற்றுங்கள், மூவருக்கும் ஒரே நாளில் வேண்டாம். புதிய தொடரின் இயல் முடிவுத் தேர்வுகளை முதலிலிருந்து கொடுத்துக்கொண்டே வாருங்கள், தடுமாறும் முதல் இயலில் நிறுத்துங்கள். பழைய தொடர் பின்னத்தை முன்னே வைத்திருக்கும், புதியது தசமத்தை முன்னே வைத்திருக்கும். "ஆறாம் வகுப்பு முடிந்தது, ஏழை எடு" என்று நேராகத் தாவினால் இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று விழுந்துபோகும்.

அண்ணன் புத்தகம் தம்பிக்கு ஆகுமா என்பது செலவுக் கேள்வி. ஒன்று, இரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் எழுதியே முடித்துவிடுவார்கள், ஆளுக்கொன்று வேண்டும். 3 முதல் 8 வரை நோட்டில் போடச் சொல்லிப் பழக்கினால் பழைய பதிப்பே தாராளம். 9, 10க்கு மட்டும் தேர்வு எழுதும் ஆண்டின் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். இயல்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அங்கேதான் மதிப்பெண்ணைத் தொடும்.